அக்டோபர் கொஞ்சம் சிவப்பு தூக்கல்

பதினோரு முகங்களை மீட்டாகிவிட்டது. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

ஸ்கின்டோன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, திரையில் இருந்த மனிதரைப் பார்த்தார். வழுக்கைத் தலை, அடர்ந்த மீசை, கோடு போட்ட சட்டை. எல்லாம் சரி, முகம் மட்டும் வெளிறிய பச்சை. ஆஸ்பத்திரிச் சுவருக்கு அடிப்பார்களே, அந்தப் பச்சை.

இதே மனிதர்தான் காலையில் பென்டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தார். தன் மனைவி வரைந்த ஓவியங்கள், கண்காட்சிக்கு ஐந்நூறு பிரதி புத்தகம் அச்சிட வேண்டும், போட்டோ எடுத்தது நான்தான் என்றார். படங்களை ஏற்றி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, பென்டிரைவைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார். நேரில் பார்த்தபோது அவருக்கு நல்ல மாநிறம். காமாலை கேமராவுக்குத்தான் என்று ஸ்கின்டோன் அப்போதே தீர்மானித்துவிட்டார்.

நீலத்தைக் குறைத்தார். மஞ்சளைக் கூட்டினார். மெஜந்தாவைத் தொட்டுத் தொட்டு ஏற்றினார். ஐந்தே நிமிடத்தில் மனிதர் உயிரோடு எழுந்து உட்கார்ந்தார். ஸ்கின்டோன் பழைய படத்தின் மேலேயே புதியதைச் சேமித்தார். பழசும் புதுசும் ஒரே இடத்தில் இருந்தால் குழப்பம் வரும் என்பது அவர் கொள்கை.

அச்சுக்கு வரும் படங்களின் நிறத்தைச் சரிபார்ப்பதுதான் அந்த அச்சகத்தில் அவருக்கு வேலை. இருபத்தாறு வருடமாக மனிதத் தோலின் நிறத்தை அவர் அளவுக்குப் பிடித்தவர் கிடையாது. பெயரே ஸ்கின்டோன் ஆகிவிட்டது. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

அவருக்கு இருந்த ஒரே வியாதி, கேட்காமலே சரி செய்வது. விதை நிறுவனம் ஒன்றின் காலண்டருக்கு முட்டைக்கோஸ் படம் வந்தது. ஊதா நிறத்தில் முட்டைக்கோஸா என்று திடுக்கிட்டு, அதைப் பசேலென்று ஆக்கிக் கொடுத்தார். அந்த நிறுவனம் விற்பதே ஊதா முட்டைக்கோஸ் விதைதான். அதற்கப்புறம் ஒரு சருமநோய் மருத்துவமனைக்குத் துண்டுப் பிரசுரம். 'சிகிச்சைக்கு முன்', 'சிகிச்சைக்குப் பின்' என்று இரண்டு படங்கள். மனசு கேட்காமல் முதல் படத்திலும் முகத்தைத் தெளிவாக்கிவிட்டார். பிரசுரத்தைப் பார்த்தவர்கள், இவர் எதற்கு ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று கேட்டார்கள்.

முதலாளி அன்றைக்குக் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. நிதானமாக வந்து, "இன்னொரு தடவை கேக்காம கை வச்சீங்கன்னா இந்த நாற்காலி வேற ஆளுக்கு. நீங்க பைண்டிங்ல போய் கோந்து தடவலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

ஆனால் இது வேறு விஷயம் இல்லையா? ஒரு மனிதர் பச்சையாகக் கிடக்கிறார். தீப்பிடித்த வீட்டுக்குத் தண்ணீர் ஊற்ற யாரிடம் அனுமதி கேட்பது?

"டோன் அண்ணே, முன்னுரை வந்திருக்கு. முதல் பக்கத்துல சேக்கணும்" என்றபடி உள்ளே வந்தார் பிளேட்டம்மா. அச்சுத் தகடுகள் போடும் பிரிவு அவருடையது. திரையைப் பார்த்தவர் அப்படியே நின்றார். "என்னண்ணே இது, ஒரே படத்தைப் பன்னெண்டு தடவை வச்சிருக்கீங்க?"

"பன்னெண்டும் வேற வேற படம்மா. ஜனவரி, பிப்ரவரின்னு மாசத்துக்கு ஒண்ணு. எல்லாம் பச்சையும் நீலமுமா அலங்கோலமா இருந்துச்சு. இப்பப் பாரு, மனுஷன் மாதிரி இருக்காரா இல்லையா?"

பிளேட்டம்மா கையில் இருந்த தாளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"அண்ணே, நாற்காலியைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க. படிக்கிறேன். 'என் கணவர் ஒரு வருடம், மாதத்துக்கு ஒருமுறை எனக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் அவர் தோலின் நிறத்தை வரையவில்லை. அந்த மாதம் அவர்மேல் எனக்கு என்ன தோன்றியதோ, அந்த நிறத்தில் வரைந்தேன். வடிவம் அவருடையது. வண்ணம் என்னுடையது. வண்ணத்தை எடுத்துவிட்டால் இந்தப் படங்களில் ஒன்றுமே இல்லை.'"

ஸ்கின்டோன் திரையிலிருந்து திரும்பினார். "அப்படின்னா?"

"எக்ஸ்பிரஷனிசம்ணே. மனசுல இருக்கறதை மொகத்துல கலரா அப்பறது. கோபம்னா மொகமே சிவப்பு. பயம்னா மொகமே கறுப்பு. அது போட்டோ கோளாறு இல்ல. படமே அதுதான்."

"பழசு... அழிஞ்சு போச்சே."

"தினமும் தானா ஒரு நகல் எடுக்குமே?"

"அஞ்சு மணிக்கு எடுக்கும்."

இருவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஐந்து பத்து. கணினி தன் கடமையைச் செய்து, பன்னிரண்டு மாநிற முகங்களையும் பத்திரமாக நகலெடுத்து வைத்திருந்தது.

ஸ்கின்டோன் ஓவியரின் கணவருக்குப் போன் போட்டார்.

"சார், அச்சகத்துலருந்து பேசறேன். அந்தப் பென்டிரைவை இன்னொரு தடவை தர முடியுங்களா?"

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எதுக்குத் தம்பி? ஏதாவது... தெரியுதா?"

"என்ன தெரியணும் சார்?"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. அதை அழிச்சுட்டேனே."

"கேமராவுல இருக்குமே சார்?"

"அதுலயும் அழிச்சுட்டேன்."

"வீட்டுக் கம்ப்யூட்டர்ல?"

"துடைச்சு வச்சுட்டேன் தம்பி. எனக்குச் சுத்தம் முக்கியம்."

ஸ்கின்டோனுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, "ப்ரூஃப் பாக்க அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டார். மாதிரித் தாளில் ஓவியர் தரப்பில் ஒருவர் கையெழுத்துப் போடாமல் இயந்திரம் ஓடாது.

"அவளா? வேண்டாம் வேண்டாம்! அவளுக்கு நேரமே இல்ல. நானே வந்து கையெழுத்துப் போடறேன்."

இரு முனையிலும் ஒரே நேரத்தில் பெருமூச்சு கேட்டது. ஸ்கின்டோனுக்குத் தன் பெருமூச்சுக்குக் காரணம் தெரியும். எதிர்முனைப் பெருமூச்சைப் பற்றி யோசிக்க அப்போது தெம்பில்லை.

மறுநாள் காலை அச்சகத்துக்குப் போகாமல் நேரே கண்காட்சிக் கூடத்துக்குப் போனார். அசல் ஓவியங்கள் அங்கே வந்து இறங்கியிருப்பதாகத் தகவல். எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்துவிட்டால் முடிந்தது வேலை. ஓவியங்கள் இருந்தன. மரப்பெட்டிக்குள், கெட்டி அட்டைக்குள், மூன்று சுற்று குமிழ்த்தாளுக்குள் இருந்தன.

ஸ்கின்டோன் மூடி விலகியிருந்த ஒரு பெட்டிப் பக்கம் முழந்தாளிட்டு, அட்டை பிரிந்திருந்த மூலையில் குமிழ்த்தாளை நகத்தால் சுரண்டினார். விரல்கடை அளவுக்கு ஏதோ தெரிந்தது. அடுப்பில் கனலுகிற மாதிரி ஒரு சிவப்பு. அவர் பார்த்த படங்களில் சிவப்பே கிடையாது. பெட்டிக்கு அடித்த பெயின்ட் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சுரண்டும்போது, தோளில் ஒரு கை விழுந்தது.

"என்ன சார் பண்றீங்க?" என்றார் காவலாளி.

"நான்... அச்சகம். கலர். கலர் ஒத்துப் பாக்க வந்தேன்."

"சனிக்கிழமை தொறப்பாங்க. அப்ப வந்து ஒத்துப் பாருங்க." பெயரையும் அச்சகத்தின் பெயரையும் எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

மதியம் முதலாளி தன் அறையிலிருந்து வேகமாக வந்தார். ஸ்கின்டோன் தானாகவே எழுந்து பைண்டிங் பக்கம் இரண்டடி வைத்துவிட்டார்.

"எங்கய்யா போறீங்க? இங்க வாங்க! ஓவியரம்மா இப்பதான் பேசினாங்க. நீங்க கூடத்துக்கே போய் அசலோட கலர் ஒத்துப் பாக்க முயற்சி பண்ணீங்களாம்ல? காவலாளி சொல்லியிருக்கான். அந்தம்மாவுக்கு அப்படியொரு சந்தோஷம். இவ்வளவு அக்கறையா வேலை பாக்கற ஆளை நான் பாத்ததே இல்லைங்கறாங்க."

"அப்படிங்களா..."

"கடைசிப் பக்கத்துல உங்க பேரைப் போடச் சொல்லிட்டாங்க. 'வண்ணப் பொறுப்பு'ன்னு. உங்க பேரு மட்டும். சனிக்கிழமை நீங்களும் வரணுமாம்." முதலாளி முதல் தடவையாக அவர் முதுகில் தட்டினார். "முட்டைக்கோஸை நான் மன்னிச்சுட்டேன்யா."

இனிமேல் பழியைக் கேமரா மேலோ, கரண்ட் மேலோ, கடவுள் மேலோ போட முடியாது. ஐந்நூறு பிரதியிலும் பெயர் அச்சாகப் போகிறது. ஸ்கின்டோன் பிளேட்டம்மாவின் அறைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நடந்ததை முதலாளிகிட்டச் சொல்லிடவா?"

"சொன்னீங்கன்னா மன்னிச்ச முட்டைக்கோஸையும் சேத்துத் திரும்ப வாங்கிப்பாரு. பேசாம நீங்களே கலர் போடுங்க. என்ன இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"ஏதோ பச்சை, ஏதோ நீலம். எல்லாமே வெளிறிக் கிடந்துச்சு. எந்தக் கலர் எந்த மாசம்னு தெரியல. வெளக்கு சரியில்லாம எடுத்திருக்காரு, அசல் நல்லா அழுத்தமாத்தான் இருக்கும். அதுமட்டும் அனுபவத்துல சொல்றேன்."

"அப்ப விஷயம் சுலபம்ணே. ஒரு பொண்டாட்டிக்குப் புருஷன்மேல ஜனவரியில என்ன தோணும், பிப்ரவரியில என்ன தோணும், அது தெரிஞ்சாப் போதும்."

"உனக்குத் தெரியுமா?"

"என்னைக் கேட்டு என்ன பிரயோசனம்? என் வீட்டுக்காரருக்குக் கப்பல்ல வேலை. வருஷத்துல பத்து மாசம் கடல்ல இருக்காரு. எனக்கு அவர்மேல எப்பவும் பிரியம்தான்." பிளேட்டம்மா தகட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "உங்க வீட்டுல கேளுங்க. தினமும் உங்களைப் பாக்கறவங்க அவங்கதானே."

அன்று சாயங்காலம் ஸ்கின்டோன் சமையலறை வாசலில் வந்து நின்றார். அது அவர் வழக்கமாக நிற்கிற இடமில்லை. காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன, பசிக்குதா?"

"இல்ல. சும்மா ஒண்ணு கேக்கணும். ஜனவரி மாசம் உனக்கு என்மேல என்ன உணர்ச்சி?"

மனைவி கத்தியைக் கீழே வைத்தார். அடுப்பைச் சின்னதாக்கினார்.

"எந்த வருஷ ஜனவரி?"

"போன வருஷம்."

"அப்படித் தெளிவாக் கேளுங்க. போன ஜனவரியில உங்க அக்கா வந்து பதினஞ்சு நாள் இருந்தாங்க. அவங்க கிளம்பிப் போனதும் நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"'இந்தப் பதினஞ்சு நாள்தான் வீடு வீடா இருந்துச்சு'ன்னு சொன்னீங்க. பதினஞ்சு நாளும் சமைச்சது நான்."

ஸ்கின்டோன் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் 'ஜனவரி, சிவப்பு' என்று எழுதினார். "பிப்ரவரி?"

"பதினோரு நாள் உங்களோட பேசல."

"அப்படியா? எனக்குத் தெரியவே இல்லையே."

"அதான் பதினோரு நாள். பன்னெண்டாவது நாள் நீங்களா வந்து 'தண்ணி'ன்னீங்க."

சாம்பல் என்று எழுதினார். மார்ச்சில் மனைவிக்குக் காய்ச்சல். படுத்திருந்தவரை உற்றுப் பார்த்து, 'மஞ்சள் அஞ்சு சதவீதம் கூடுதலா இருக்கு' என்று சொல்லிவிட்டு ஸ்கின்டோன் வேலைக்குப் போயிருக்கிறார். அதற்கு மஞ்சளையே போட்டுக்கொண்டார்.

"ஏப்ரல்ல ரொம்ப நல்லா இருந்தீங்க" என்றார் மனைவி. குரலே குழைந்தது.

"பாத்தியா! ஏப்ரல்ல என்ன பண்ணேன்?"

"ஊர்லயே இல்ல. புது மெஷின் கத்துக்கறதுக்கு ஒரு மாசம் போயிருந்தீங்க."

தெளிந்த வானத்து நீலம். மே மாதம் மனைவி ஆசையாகப் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, 'சாயம் போயிடுச்சே, மாத்திட்டு வா' என்றிருக்கிறார். ஊதா. அடுத்த மாதத்துக்கு வந்தபோது மனைவி நறுக்கிய துண்டுகளை ஒதுக்கி ஒதுக்கி வைத்தார்.

"ஜூன்லதான் பொண்ணைப் படிக்க அனுப்பினோம். ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்து, நீங்க குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு, குழாயைத் தெறந்து விட்டுட்டு அழுதீங்க. மேல் தொட்டி பூரா காலியாயிடுச்சு."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"வெளிய பக்கெட்டோட நின்னுக்கிட்டு இருந்தேன்ல."

ஸ்கின்டோன் பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டார். அப்புறம் 'அடர் நீலம்' என்று எழுதினார். எழுத்து கோணலாக வந்தது.

ஜூலை, பிப்ரவரியைப் போலத்தான், ஆனால் இருபது நாள். ஆகஸ்டில் மாடி வீட்டு டீச்சரின் குரல் நன்றாக இருக்கிறது என்று மூன்று தடவை சொன்னாராம். தேதி சகிதம் வந்தது. அதற்குப் பச்சை. செப்டம்பரில் மனைவிக்குக் கை பிசகி, பத்து நாள் இவர்தான் தலை வாரிவிட்டிருக்கிறார்.

"வகிடு கோணலாத்தான் இருந்துச்சு. ஆனா பத்து நாளும் நான் அதை மாத்தவே இல்ல" என்றார் மனைவி. முகம் லேசாகச் சிவந்தது. ஸ்கின்டோன் அந்தச் சிவப்பையே பார்த்து, 'பொன்னிறம், கொஞ்சம் ரோஸ்' என்று குறித்தார். இந்தக் கலரில் ஒரு பக்கமாவது கிடைத்ததே என்று மனசு லேசானது.

"அப்ப அக்டோபரும் இதேதானே?"

"அக்டோபரா?" மனைவி மறுபடி கத்தியை எடுத்தார். "செப்டம்பர்ல செஞ்சதை அக்டோபர் பூரா ஊரெல்லாம் போய்ச் சொன்னீங்க. பால்காரர்கிட்டச் சொன்னீங்க. உங்க அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னீங்க. தலை வாரிவிட்ட பத்து நாளுக்கு முப்பத்தோரு நாள் விளம்பரம்!"

சிவப்பு. ஸ்கின்டோன் அதன்கீழ் இரண்டு கோடு போட்டார். நவம்பரில் அவருக்கு நெஞ்சில் வலி வந்து, விடிகாலையில் ஆஸ்பத்திரிக்கு ஓடியது. அங்கே போய் ஒரு பெரிய ஏப்பம் வந்ததும் வலி நின்றுவிட்டது. "எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குத்தான் கை நடுக்கம் நிக்கவே ஒரு வாரம் ஆச்சு" என்றார் மனைவி. கறுப்பு.

"டிசம்பர்?"

மனைவி யோசித்தார். முதல் தடவையாக யோசித்தார்.

"டிசம்பர்ல ஒண்ணும் இல்லைங்க. கோபமும் இல்ல, வருத்தமும் இல்ல. எதிர உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. சரி, இருக்காரு, அது போதும்னு தோணுச்சு."

பட்டியல் முடிந்தது. ஸ்கின்டோன் பத்திரிகையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே போய்க் காய் நறுக்க உட்கார்ந்தார். துண்டுகள் ஒன்றுகூட ஒரே அளவில் வரவில்லை. மனைவி எதையும் சரி செய்யாமல் அப்படியே அடுப்பில் போட்டார்.

மறுநாள் பன்னிரண்டு முகங்களுக்கும் நிறம் போட்டார். நியாயமாகப் பார்த்தால், தான் பார்த்த மாதிரி எல்லாவற்றையும் வெளிறிய பச்சையில் தோய்த்திருந்தால் தப்பித்திருக்கலாம். கை கேட்கவில்லை. அக்டோபரை எப்படி வெளிறிய பச்சையாகப் போடுவது? முப்பத்தோரு நாள் விளம்பரம் நடந்த மாதம். சிவப்பை ஏற்றினார், இன்னும் ஏற்றினார். ஜூனுக்கு அவர் ஏற்றிய நீலத்தை எட்டிப் பார்த்த பிளேட்டம்மா, அவர் மேஜையில் ஒரு டீயை வைத்துவிட்டுப் போனார். டிசம்பருக்கு வந்தபோதுதான் என்ன நிறம் என்று தெரியவில்லை. கடைசியில் முதலில் சரி செய்த மாநிறத்தையே விட்டுவிட்டார்.

ஓவியரின் கணவர் சொன்னபடி வந்தார். மாதிரித் தாள்களை ஸ்கின்டோன் மேஜையில் கவிழ்த்து வைத்திருந்தார்.

"பாக்கறீங்களா சார்?"

"கண்ணாடி எடுத்துட்டு வரலையே தம்பி" என்றார் அவர். கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது. தாள்களை நிமிர்த்தாமலே, பின்பக்கத்திலேயே பன்னிரண்டு கையெழுத்துப் போட்டார். ஸ்கின்டோனும் கண்ணாடியைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். இரண்டு கையும் ஈரமாக இருந்தது.

இயந்திரம் ஓடியது. ஐந்நூறு பிரதிகள் கட்டாகிக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவியும் கிளம்பி நின்றார். மே மாதத்துப் புடவை.

"உங்க பேரு புத்தகத்துல வந்திருக்கு. நான் வராம எப்படி?"

"கூட்டமா இருக்கும், உனக்கு எதுக்கு..." என்று இழுத்துப் பார்த்தார். பிறகு புடவையைப் பார்த்தார். "கலர் நல்லா இருக்கு" என்றார். மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

கூடத்து வாசலில் முதலாளி, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரிய நின்றார். அந்தச் சிரிப்பு இன்னும் எத்தனை நிமிடம் என்று ஸ்கின்டோன் எண்ணத் தொடங்கினார். சுவரில் அசல் தொங்கும். கையில் புத்தகம் இருக்கும். இரண்டையும் ஒரு முறை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். கோந்து வாசனை இப்போதே மூக்கில் அடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்து, முதல் படத்தை அண்ணாந்து பார்த்தார்.

ஜனவரி. முகம் முழுக்க சிவப்பு.

கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்ததைப் பார்த்தார். பிப்ரவரி, சாம்பல். மார்ச், மஞ்சள். ஏப்ரலில் தெளிந்த நீலம். சுவரோரமாகவே நடந்தார். ஊதா, அடர் நீலம், மறுபடி சாம்பல், பச்சை. செப்டம்பர் பொன்னாக மின்னியது. அக்டோபரைப் பார்க்கவே சூடாக இருந்தது. அதன் மூலையில், அன்றைக்கு நகத்தால் சுரண்டிப் பார்த்த அதே கனல் சிவப்பு. நவம்பர் கறுப்பு. டிசம்பரில் ஒரு வழுக்கைத் தலை மனிதர் நல்ல மாநிறத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதானா அது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஓவியர். கையில் புத்தகம். "ஒவ்வொரு பக்கமா ஒத்துப் பாத்துட்டேன் சார். அப்படியே இருக்கு. டிசம்பர்தான் எனக்குப் பயம். எல்லாத்தையும் விட்டுட்டு வெறும் தோல் கலர்ல வரைஞ்சேன், அச்சுல கெட்டுடும்னு நெனைச்சேன். என்ன அழகா வந்திருக்கு!" பக்கத்தைப் புரட்டினார். "அக்டோபர்ல மட்டும் கொஞ்சம் சிவப்பு தூக்கல்."

"மன்னிச்சுடுங்கம்மா."

"ஐயோ, இருக்கட்டும். அந்த மாசம் நான்தான் கொஞ்சம் அடக்கி வாசிச்சுட்டேன்."

முதலாளி மறுபடி முதுகில் தட்டினார். பெருமையில் கொஞ்சம் பலமாகவே தட்டினார். "பாத்தீங்களாம்மா? எங்க ஆளு, இருபத்தாறு வருஷ அனுபவம்! திங்கட்கிழமை அவருக்குப் புது நாற்காலி போடச் சொல்லிட்டேன். கை வச்ச நாற்காலி."

ஸ்கின்டோனுக்கு அப்போதுதான் மூச்சு முழுசாக உள்ளே போய் வெளியே வந்தது. ஐந்து நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த மரப்பெட்டியை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வேலை தப்பியது, பெயர் தப்பியது. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று தேடினார்.

அவர் மனைவி அதற்குள் பன்னிரண்டு படங்களையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்து, அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"ஏங்க, யாருங்க இந்தம்மா? போன வருஷம் பூரா நம்ம வீட்டுல எங்க ஒளிஞ்சிருந்தாங்க?"

அதே கேள்விதான் அவருக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. போன திங்கட்கிழமை திரையில் பார்த்தது வெளிறிய பச்சையும் நீலமும்தான். இந்தச் சிவப்பு எங்கே இருந்தது? இந்தப் பொன் எங்கே இருந்தது? கண்ணில் கோளாறு என்றால் கண் டாக்டரிடம் போக வேண்டியதுதான். மனைவி ஓவியரிடம் போய் ஏதோ கேட்க, இரண்டு பெண்களும் அக்டோபருக்கு முன்னால் நின்று மாற்றி மாற்றித் தலையாட்டத் தொடங்கினார்கள்.

அப்போது தூணுக்குப் பின்னாலிருந்து ஓவியரின் கணவர் மெல்ல வந்தார். நேரில் அதே மாநிறம். கையில் புத்தகம். இந்த முறை கண்ணாடி போட்டிருந்தார்.

"தம்பி, ஒரு விஷயம். அன்னைக்கு நான் குடுத்த படமெல்லாம் என்ன கலர்ல இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

"இ... இதே கலர்தான் சார்."

அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, இன்னும் கிட்டே வந்து, காதோடு சொன்னார்.

"இல்ல தம்பி, புத்தகம் சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் போகுமே, மானம் போயிடுமேன்னு பன்னெண்டு படத்தையும் நானே கம்ப்யூட்டர்ல உக்காந்து பச்சையும் நீலமுமா வெளுத்துத்தான் குடுத்தேன், அவ வரைஞ்ச நெசக் கலரை உங்களுக்கு யாரு சொன்னது?"